ஆம்பூர் பொங்கலும் நூற்று முப்பதும்

ரேவதியிடம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் முதலில் திருதிருவென்று முழிப்பது அவள் டிபனைப் பற்றி விசாரிக்கும்போதுதான். "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க சார்? டிபன் எங்க சாப்பிட்டீங்க? உக்காந்த உடனே இட்லி வந்துச்சா?" என்று கேட்பாள். எஞ்சினுக்கும் இட்லிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியாது. ஏதோ உபசாரத்துக்குக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடையின் பெயர், சட்னியின் ருசி வரைக்கும் ஒப்பித்துவிடுவார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கையிலிருக்கும் தாளின் மூலையில் பென்சிலால் இரண்டு எண்களை எழுதி வகுத்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். வேகமாகப் போனபோது எஞ்சின் மக்கர் பண்ணியது என்று வருகிறவரிடம் எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்று கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் "எண்பதுங்க" என்பார்கள். அந்த எண்ணின் மேல் நம் ஜனங்களுக்கு அப்படி என்ன பாசமோ தெரியவில்லை. போலீஸ்காரரிடம் எண்பது, பெண்டாட்டியிடம் எண்பது, மாமனார் பின்சீட்டில் இருந்தால் அறுபது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர்களுக்குத் தின்ற டிபனை மறைக்க மட்டும் தோன்றாது. பூந்தமல்லியைத் தாண்டிய நேரமும் வேலூரில் கை நனைத்த நேரமும் தெரிந்தால் மிச்சத்தைச் சாதாரண வகுத்தல் கணக்கு சொல்லிவிடும். இதை எந்தக் கம்பெனிப் பயிற்சியிலும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பதினோரு வருஷம் பொய் கேட்டுக் கேட்டு அவளாகக் கண்டுபிடித்த வழி.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் அவளுக்கு ரோடு டெஸ்ட் வேலை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, ஏரிக்கரையிலும் மலைப்பாதையிலும் ஏறுவதற்கென்றே செய்த பெரிய பெரிய வண்டிகள்தான் அங்கே வரும். மெக்கானிக் வேலையை முடித்ததும் அவள் அதை வெளியே எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். திருப்தியானால் டெஸ்ட் தாளின் கீழே கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார். கேட்டுக்கு உள்ளே முதலாளியே வந்து நின்றாலும் அவர் பார்ப்பது 'ரே' என்று ஆரம்பித்து வால் இழுத்திருக்கும் அந்தக் கிறுக்கலைத்தான்.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரகுநாதன் சாத்தூரிலிருந்து வேலைக்கு வந்து, பணிக்காலம் முழுக்க அங்கேயே ஓட்டியவர். மகளை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்ப அவர் ஆசைப்பட்டார். அவளோ பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தாள். வகுப்பில் ஐம்பத்திரண்டு பையன்கள், அவள் ஒருத்தி. சர்வீஸ் சென்டரில் முதல் நான்கு வருஷம் அவளை முன்கவுண்டரில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்கச் சொன்னார்கள். ஒரு நாள் ரோடு டெஸ்ட் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். ஆறு வண்டி வரிசையில் நின்றது. "நான் எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். மேனேஜர் கங்காதரன் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்ற வண்டிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு டன் எடையுள்ள ஒன்றை ஒரே ரிவர்ஸில் வெளியே எடுத்து நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு அந்த மேனேஜர் மூடிய வாயை அவள் விஷயத்தில் பிறகு அதிகம் திறந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும், இந்தத் தீபாவளி வரைக்கும்.

கள்ளிக்குப்பத்தில் அடுக்கு மாடி வீட்டில் குடியிருக்கும் ஹேமநாதன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். தருமபுரிக்காரர், ஐ.டி. வேலை. அந்தப் பெரிய வண்டிகளில் புது மாடல் ஒன்று வெளிவந்ததும் முதல் மாதத்திலேயே முந்திக்கொண்டு வாங்கினார். வாங்கி எட்டு மாதத்தில் மூன்று முறை நெடுஞ்சாலையில் எஞ்சின் திடீரென்று சக்தி இழந்தது. மிதிக்க மிதிக்க வண்டி போகாமல் சோர்ந்து விழும். ஓரம் கட்டி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மூன்றாவது முறை காவேரிப்பட்டினம் தாண்டி நடந்தபோது பின்னால் ஒரு சிமெண்ட் லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் வலப்பக்கம் ஒடித்ததால் பிழைத்தார்.

வாங்கியவர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் ஒரே பேச்சு. முதல் லாட்டில் எஞ்சின் சரியில்லை, முதலில் வாங்கினவன் சோதனை எலி. ஹேமநாதனும் அதையே பிடித்துக்கொண்டார். எஞ்சினையே மாற்றித் தர வேண்டும் என்றார். இரண்டு முறை இங்கே வந்து, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, 'காற்று குறைவு' என்று அது சொன்னதற்காகக் காற்றை அளக்கிற சென்சாரை மாற்றினார்கள். ஃபில்டரைத் திறந்தார்கள், சுத்தமாக இருந்தது. அந்த வாரங்களில் ரேவதி மகளின் அம்மைக்காக லீவில் இருந்தாள். வேறொருவர் எண்பதில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் முறை வண்டி வந்தபோது தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. இந்தத் தடவை ஹேமநாதனோடு மனைவி நிவேதிதாவும் வந்திருந்தாள். வண்டி அவள் பெயரில் இருந்ததால் தாளில் அவள்தான் கையெழுத்திட வேண்டும். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போட்டாள்.

"எங்க மாமியார் வீட்டுல பேத்தியப் பாக்கக் காத்துக்கிட்டிருக்காங்க. டிரெய்ன்ல டிக்கெட் இல்ல. ஆனா லாரி கதையைக் கேட்டதுலேர்ந்து குழந்தையை இந்த வண்டில ஏத்த எனக்கு மனசே வரல," என்றாள் ரேவதியிடம். "நீங்க ஒருத்தராவது உண்மையச் சொல்லுங்க. இதுல ஏறலாமா, கூடாதா?"

"பாத்துட்டுச் சொல்றேங்க," என்றாள் ரேவதி. பிறகு வழக்கம்போல ஹேமநாதன் பக்கம் திரும்பி டிபன் விசாரணையை ஆரம்பித்தாள்.

ஹேமநாதன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "ஞாபகம் இல்லீங்க மேடம். வழியில எங்கியோ சாப்பிட்டேன். வேகமெல்லாம் எண்பதுதாங்க, மிஞ்சிப் போனா எண்பத்தஞ்சு," என்று சொல்லிவிட்டு ஃபோனில் மூழ்கினார். ஆனால் நிவேதிதா வெள்ளை மனசுக்காரி. "ஆம்பூர்ல பொங்கல் சாப்பிட்டீங்களே, எனக்கு போட்டோ கூட அனுப்பினீங்க," என்று தன் ஃபோனை எடுத்துக் காட்டினாள். பூந்தமல்லி தாண்டிட்டேன் என்ற செய்தி ஐந்து முப்பத்தைந்துக்கு. நெய் மினுங்கும் பொங்கலின் படம் ஏழு பத்துக்கு.

பொங்கல் நல்லா இருந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு ரேவதி தாளின் மூலையில் எழுதினாள். நூற்று அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். தொண்ணூற்றைந்து நிமிஷம். உட்கார்ந்து, ஆர்டர் சொல்லி, பொங்கல் மேசைக்கு வரப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் இருக்கிறது, டோல் கேட்டுகள் இருக்கின்றன. நடுவில் நூற்று முப்பதைத் தொடாமல் அந்தப் பொங்கலைத் தொட்டிருக்க முடியாது. அவள் நிமிர்ந்து ஹேமநாதனைப் பார்த்தாள். அவர் அப்போதும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் கங்காதரன் வந்து நின்றார். மனுஷர் கெட்டவர் இல்லை. பண்டிகைக்குள் இருபத்து மூன்று வண்டிகளை அனுப்ப வேண்டிய தலைவலி அவருக்கு. "அதே கம்ப்ளெயின்ட்தானம்மா. எண்பதுல ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்து சைன் பண்ணிடு. தீபாவளி கழிச்சுப் பொறுமையா பாத்துக்கலாம்."

"அவர் எண்பதுல போகல சார். எண்பதுல ஓட்டிப் பாத்தா எத்தனை தபா பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

"கஸ்டமரே எண்பதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. உனக்கென்ன?"

"நாளைக்கு அந்தக் குழந்தை பின்சீட்டுல இருக்கும் சார்," என்றாள். கங்காதரன் கடிகாரத்தைப் பார்த்தார். நாளை மதியம் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

வேறு யாராவது இருந்தால் நூற்று முப்பதில் விரட்டிப் பார்த்திருப்பார்கள். ரேவதி அந்த ஜாதி இல்லை. வேகத்தைக் கண்டு அவளுக்குப் பயமில்லை, ஆனால் மரியாதை உண்டு. அடுத்தவர்கள் போய்வருகிற ரோட்டில் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள யாரையும் பணயம் வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. அன்று இரவு சோறு போடும்போதுகூட அதே யோசனைதான். கணவன் சரவணக்குமார் ரசம் கேட்டால் மோரை ஊற்றினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிற அவர் அதற்கெல்லாம் பழகியவர். இவள் மனசுக்குள் ஏதோ ஒரு வண்டி நிற்கிறது என்று புரிந்துகொண்டு மோர் சோறாகவே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

பாத்திரம் கழுவும்போது பிடிபட்டது. சக்கரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறு, எஞ்சின் எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறது என்பது வேறு. கடைசி கியரில் நூற்று முப்பது போகும்போது எஞ்சின் இழுக்கிற காற்றை, மூன்றாவது கியரிலேயே வைத்து எண்பதில் இழுக்கவைக்கலாம். மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கும், மைதானத்தில் ஓடினாலும் மூச்சு வாங்கும், அவ்வளவுதானே.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் வெளிவட்டச் சாலையில் ஏறிவிட்டாள். பக்கத்து சீட்டில் மெக்கானிக் ஜெயராமன். அம்பத்தூரிலேயே பிறந்து அம்பத்தூரிலேயே தலை நரைத்தவர்.

"இன்னாம்மா ரேவதி, வண்டி நல்லாத்தானே போய்கினு கீது? மூணாவது கியர்லயே போட்டு இப்டி கத்த உடுறியே, எஞ்சினு பாவம் இல்லியா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணா. பெல்ட்டை இறுக்கிக்குங்க."

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் அரை கிலோமீட்டருக்கு யாரும் இல்லை. மிதித்தாள். எஞ்சின் வீறிட்டது. முள் எண்பதைத் தொட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்று எண்ணும்போது, யாரோ கழுத்தைப் பிடித்தது போல வண்டி கம்மியது. பின்னால் கரும்புகை. மிதி வெறுமனே கீழே போயிற்று.

இந்த இடத்தில்தான் பலர் உயிரை விடுகிறார்கள். வண்டி கைவிட்டதும் பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள், பின்னால் வருகிறவன் தலையில் வந்து ஏறுவான். அல்லது ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பார்கள், உயரமான வண்டி குட்டிக்கரணம் போடும். ரேவதி பிரேக்கைத் தொடவே இல்லை. நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டாள். மிச்சமிருந்த வேகத்தை வீணாக்காமல், இடது கண்ணாடியைப் பார்த்து, கோலத்துக்கு இழை இழுப்பது போல் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜெயராமன் கைப்பிடியை விட இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"நைனா!" என்றார் மூச்சை விட்டு. "நெசமாவே கீது. அந்தாளு சொன்னது பொய்யில்ல."

"கம்ப்ளெயின்ட் பொய்யில்லண்ணா. வேகந்தான் பொய்."

அவள் இறங்கி முன்பக்கம் வந்தாள். ஜெயராமன் எஞ்சினை அணைத்தவுடன் வலப்பக்கம், கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் உயர்ந்து நிற்கிற கறுப்புக் குழாயிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. ஏதோ சறுக்கிக் கீழே விழுகிற சத்தம். தண்ணீருக்குள் இறங்கும்போது எஞ்சின் மேலிருந்து காற்று வாங்குவதற்கான குழாய் அது. கம்பெனி வைத்ததில்லை, வெளிக்கடையில் பொருத்தியது. அதனாலேயே சர்வீஸ் சென்டரில் ஒருத்தரும் அதைக் கையால் தொட்டதில்லை. நம் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். குழாயின் தலைப்பக்கத்தில் மஞ்சள் கறை படிந்திருந்தது. அவள் மோந்து பார்த்தாள். சாமந்தி.

பணிமனைக்குக் கொண்டுவந்து ஜெயராமன் குழாயைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு அடையை எடுப்பது போல எடுத்து வெளியே போட்டார். காய்ந்த சாமந்தி, கதம்பம், மரிக்கொழுந்து, வாழைநார். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து ஒட்டிப்போன உள்ளங்கை அகல வட்டம். எலி நுழையாமலிருக்க வெளிக்கடைக்காரன் குழாய் ஃபில்டரோடு சேருகிற முனையில் ஒரு கம்பிவலை வைத்திருந்தான். சாதாரண ஓட்டத்தில் இந்தப் பூவடை வளைவின் அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும். எஞ்சின் பலமாக மூச்சை இழுக்கும்போது எழும்பிப்போய் வலையை அப்பிக்கொள்ளும். எஞ்சினை அணைத்தால் கீழே விழுந்துவிடும். வலையைத் தாண்டி ஒரு இதழ்கூடப் போகாதபோது ஃபில்டர் எப்படி அழுக்காகும்?

ரேவதி ஹேமநாதனுக்கு ஃபோன் போட்டு, வண்டியில் யார் பூ கட்டுவது என்று கேட்டாள். "நிவிதாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு முழம் வாங்கி அந்தக் குழாய்ல சுத்துவா. பாப்பா அதைப் பிள்ளையார் தும்பிக்கைன்னு சொல்லும். ஏனுங்க?" என்றார் அவர். வாடி உதிர்ந்ததையெல்லாம் குழாயின் வாய் உள்ளே இழுத்துக்கொண்ட விவரத்தை அவள் சொன்னாள்.

ஒரு மணிக்கு அவர் தனியாக வந்தார். நிவேதிதா அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வருவதாகச் சொன்னார். கங்காதரனுக்கு வாயெல்லாம் பல். எஞ்சினில் கோளாறு இல்லை, கம்பெனிக்கும் கெட்ட பேர் இல்லை, பூவை எடுத்தாயிற்று, வண்டி தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ரேவதி கையெழுத்துப் போடவில்லை. தாளில் 'குறை தென்படும் வேகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நூற்று முப்பது என்று எழுதியிருந்தாள். ஹேமநாதன் அதைப் பார்த்துவிட்டார்.

"மேடம், அதுல மட்டும் எண்பதுன்னு போட்டுருங்க. நிவி அந்தத் தாளைப் படிச்சுத்தான் கையெழுத்துப் போடுவா. அவகிட்ட எட்டு மாசமா எண்பதுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"போட்டுடும்மா," என்றார் கங்காதரன். "குறைதான் சரியாயிடுச்சே."

"குறை சரியானதாலதான் சார் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ரேவதி. கோபத்தில் அவள் குரல் உயராது, இறங்கும். "நூத்தி முப்பதுல அந்தப் பூ மூச்சை அடைச்சுது. அதனால அதுக்கு மேல நீங்க போகல. இப்ப எடுத்துட்டோம். இனிமே நூத்தி நாப்பதும் போகும், நூத்தி அம்பதும் போகும். இது பாறையில ஏறச் செஞ்ச வண்டி. வாங்கின பிறகு நீங்க வேற ரெண்டு இஞ்சு தூக்கியிருக்கீங்க. இந்த உயரத்துல, அந்த வேகத்துல, ஒரு நாய் குறுக்க வந்து நீங்க ஒடிச்சீங்கன்னா நாலு சக்கரமும் இழுத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. வண்டி உருளும். உங்க வண்டிக்கு இருந்த ஒரே பிரேக்கை இன்னிக்குக் காலையில நாங்களே கழட்டிப் போட்டிருக்கோம்."

ஹேமநாதன் முகம் தொங்கிப்போயிற்று. கங்காதரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"நான் உங்க வீட்டு விஷயத்துல தலையிடல சார்," என்றாள் மறுபடி. "அவங்ககிட்ட வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கட்டத்துல பொய் எழுத மாட்டேன். அவங்க என்கிட்ட ஏறலாமா கூடாதான்னு கேட்டிருக்காங்க."

அந்த நேரம் பார்த்து நிவேதிதா குழந்தையோடு உள்ளே வந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள், கோளாறு கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். மேசை மேல் பழைய செய்தித்தாளில் வைத்திருந்த பூவடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்தாள். தான் வாங்கிய மரிக்கொழுந்து அவளுக்குத் தெரியாதா?

"இது நான் கட்டின பூவாச்சே," என்றாள். "இதுவா அடைச்சுது?"

அவள் ரேவதியைப் பார்த்தாள். ரேவதி மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அய்யோ," என்று நிவேதிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கட்டினேன். நானே அந்த லாரிக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தியிருக்கேனே." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குழந்தை அம்மாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "என்னால இவர் போயிருப்பாரே. என்னால போயிருப்பாரே."

ரேவதிக்குச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பூவின் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணின் நெஞ்சு ஆறும். ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாளைக் கையில் வைத்தபடி நின்றாள். சும்மா நிற்பது என்பது அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று.

ஹேமநாதன் மனைவி அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷருக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்தது, நல்லவேளை. அவள் எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன்னால இல்ல நிவி."

அவள் கேட்கவில்லை.

"நிவி, உன்னால இல்ல. எண்பதுல போயிருந்தா இந்தப் பூ ஒண்ணும் பண்ணியிருக்காது. நான் நூத்தி முப்பதுல போனேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போனேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

நிவேதிதா அழுகையை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ரேவதியின் கையிலிருந்த தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நின்றாள்.

"நான் நேத்து உங்களக் கேட்டேன்," என்றாள்.

"வண்டியில ஏறலாங்க," என்றாள் ரேவதி. "எஞ்சின் நல்ல எஞ்சின். இனிமே அடைக்காது. பூவை எடுத்தப்புறம் நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டேன். நூறைத் தாண்டாம, திருப்பத்துல மெதுவா ஓட்டுறவங்க ஓட்டினா என் பொண்ணையே நான் இதுல ஏத்தி அனுப்புவேன்."

நிவேதிதா தலையசைத்தாள். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள் அவள். தினமும் அம்பத்தூர் எஸ்டேட் நெரிசலில் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவள். ஆனாலும் இந்த வண்டி மட்டும் உனக்கு உயரம், உனக்குக் கனம் என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதமாக அதன் சாவி அவள் கைக்கு வந்ததில்லை. தாளில் தன் பெயரை எழுதிவிட்டுக் கணவனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

"நிவி, தருமபுரி வரைக்கும் நீயா—"

"சாவி."

கொடுத்தார். ரேவதி கூடவே போய் ஓட்டுநர் சீட்டை முன்னால் தள்ளி உயர்த்திவிட்டாள். கண்ணாடிகளை அவள் உயரத்துக்குத் தகுந்தபடி திருப்பிவைத்தாள். எஞ்சின் கைவிட்டால் பிரேக்கை மிதிக்காமல் எப்படி ஓரம் கட்டுவது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைத் தானே இழுத்துப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டருகே தாளுக்காகக் காத்திருந்தார்.

ஹேமநாதன் வண்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுற்றிப்போய், இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ரேவதி தாளைப் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.